தறிக்காகக் கட்டப்பட்ட வீடு: பிள்ளையார்பாளையத்தின் பழைய நெசவாளர் இல்லங்கள்

நுரையீரல் நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரிடம் மருந்துச் சீட்டைக் கொடுக்கும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பது என் வழக்கம்: "வீட்டில் எந்த இடத்தில் படுக்கப் போகிறீர்கள்?" மாத்திரைக்கும் படுக்கும் இடத்திற்கும் என்ன தொடர்பு என்று உடன் வந்தவர்கள் வியப்பதுண்டு. பிள்ளையார்பாளையத்திலிருந்து வருவோர் தரும் விடைகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். "கூடத்தில், தறிக்குப் பக்கத்தில்" என்பது ஒன்று. "உள்ளறையில் தனியாகப் படுக்க வைத்திருக்கிறோம்" என்பது மற்றொன்று. "முன்பெல்லாம் முற்றத்தை ஒட்டிப் படுப்பார், இப்போது முற்றத்தை மூடிவிட்டோம்" என்பது மூன்றாவது.

இந்த மூன்று விடைகளுக்குப் பின்னாலும் ஒரே வீடுதான் இருக்கிறது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் குடும்பங்கள் தறியை நடுவில் வைத்துக் கட்டிக்கொண்ட வீடு அது. அது எவ்வாறு அமைந்தது, எதற்காக அவ்வாறு அமைந்தது என்பதை அறிந்துகொண்டால், நோயுற்ற ஒருவரை அதில் எங்கே, எப்படி வைத்துப் பேணுவது என்பதும் விளங்கும். வீட்டை இடித்துக் கட்டவோ மாற்றியமைக்கவோ எண்ணும் குடும்பங்களுக்கும் இது பயன்படும் என்ற நம்பிக்கையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தெருவும் வீடும்

காஞ்சிபுரத்தின் மேற்குப் பகுதியில், கயிலாசநாதர் கோயிலைச் சார்ந்து அமைந்திருப்பது பிள்ளையார்பாளையம். அக்கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் மணற்கல்லால் எழுப்பினான். அரசர்கள் கட்டிய கற்றளிகளைப் பற்றி நூல்கள் பல உண்டு. அக்கோயில்களைச் சுற்றி வாழ்ந்த மக்களின் வீடுகளைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. மண்ணும் மரமும் ஓடும் கொண்டு கட்டிய வீடு, கல்லைப் போல் நிற்பதில்லை என்பது ஒரு காரணம்.

ஆயினும் ஒரு நல்ல சான்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை விட்டுச் சென்றவரும் ஒரு மருத்துவரே. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் புக்கானன், 1800ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து மைசூர் நோக்கிப் பயணம் புறப்பட்டார். வழியில் காஞ்சிபுரத்தில் தங்கினார். அப்பயணத்தின் குறிப்புகள் 1807இல் மூன்று தொகுதிகளாக அச்சேறின. அகன்ற தெருக்கள், அவற்றின் ஓரங்களில் தென்னை மரங்கள், மண் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட ஒற்றை மாடி வீடுகள், ஒவ்வொரு வீட்டின் நடுவிலும் சிறியதொரு திறந்த முற்றம் என்று அவர் கண்ட நகரை விவரிக்கிறார். நெசவாளர்கள் வாழ்ந்ததையும் குறிப்பிடுகிறார்.

ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கும்போதே முற்றம் வைத்த வீடு இந்நகரின் இயல்பான வடிவமாக இருந்தது. அந்நூற்றாண்டு முழுவதும் அதே வடிவம் தொடர்ந்தது. பொருள் மட்டும் மெல்ல மாறியது. மண் சுவரின் இடத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வந்தன. வசதி பெற்றவர்கள் முன்கட்டை ஒட்டுத்தளமாக உயர்த்தினார்கள். 1866இல் காஞ்சிபுரம் நகராட்சி ஆனது. இன்று பிள்ளையார்பாளையத்தில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகள் இந்த மரபின் வழிவந்தவை.

இங்குள்ள தெருக்கள் நேராகவும் நீளமாகவும் இருப்பதற்கும் நெசவே காரணம். ஒரு பட்டுப் பாவு பெரும்பாலும் மூன்று சேலைகளுக்குரிய நீளம் கொண்டது. சேலை ஒன்றுக்கு ஆறு மீட்டர் என்று கொண்டால் ஏறத்தாழ 18 மீட்டர். அவ்வளவு நீளத்தை விரித்து, இழை இழையாகச் சீர்செய்து சுருட்டுவதற்கு எந்த வீட்டிலும் இடமில்லை. அதனால் வெயில் ஏறுமுன் தெருவிலேயே பாவு விரிப்பார்கள். அண்டை வீட்டார் ஆளுக்கொரு கை கொடுப்பார்கள். நெசவாளர் தெருவில் வீதி என்பது நடப்பதற்கான வழி மட்டுமன்று; எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு தொழிற்கூடம்.

வாசல் முதல் கொல்லை வரை

வீட்டின் முகப்பு குறுகலானது, உட்புறம் நீண்டது. இருபக்கத்து வீடுகளுடனும் சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க இயலாது. காற்றும் வெளிச்சமும் வருவதற்கு மூன்று வழிகளே உண்டு: முன்புறம், பின்புறம், மேற்புறம். இந்த மூன்றையும் இணைத்து முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டதே அக்காலத்துக் கொத்தனாரின் திறமை.

முதலில் திண்ணை. தெருவுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட நிழல். மரத் தூண்கள் தாங்கும் சாய்ப்பு அதன்மேல் இறங்கியிருக்கும். அடுத்து ரேழி என்றும் நடை என்றும் சொல்லப்படும் குறுகிய வழி. அதைக் கடந்தால் வானம் தெரியும் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். அதை ஒட்டி அகன்ற கூடம், அங்கேதான் தறி. கூடத்துக்கு அப்பால் ஓரிரு உள்ளறைகளும் பூசை இடமும். அதற்கும் பின்னால் சமையற்கட்டு. கடைசியில் கிணறும் துவைகல்லும் மரங்களும் கொண்ட கொல்லை.

இவ்வகை வீடுகள் பலவற்றில் வாசற்படி, ரேழிக் கதவு, பின்கட்டுக் கதவு ஆகியவை ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். தெருவில் நின்று பார்த்தால் கொல்லை வரை கண் செல்லும். கண் செல்லும் வழியே காற்றும் செல்லும். பகலில் முற்றத்தில் விழும் வெயில் அங்குள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்று மேலெழும்போது, அந்த இடத்தை நிரப்ப, திண்ணை நிழலிலிருந்தும் கொல்லை மரத்தடியிலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில், திறந்த முற்றத்தின் வழியே கூரையின் வெப்பம் தணிந்த காற்று கீழிறங்கி அறைகளில் பரவுகிறது. மின்விசிறி இல்லாத காலத்தில் வீடே ஒரு முறை மூச்சை வாங்கி மறுமுறை விட்டது எனலாம். நுரையீரல் மருத்துவன் என்பதால் இந்த ஒப்புமை எனக்கு எளிதில் தோன்றுகிறது; ஆனால் இது வெறும் ஒப்புமையன்று. பழைய காற்றை வெளியேற்றிப் புதிய காற்றை உள்ளிழுப்பதே இரண்டின் வேலையும்.

தறி கேட்ட வெளிச்சம்

பட்டு நெசவாளருக்கு வெளிச்சம் அலங்காரப் பொருளன்று. கூலியைத் தீர்மானிக்கும் பொருள். மெல்லிய பட்டிழை ஒன்று அறுந்தால் அதைக் கண்டுபிடித்து முடிய வேண்டும். இரண்டு நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிய வேண்டும். காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பாகிய கோர்வை வேலையில் இது இன்னும் கடினம். சேலையின் உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம் என்று மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்வது கோர்வை. உடலும் கரையும் சேரும் இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். இதற்கு நெய்பவரின் அருகில் கரை நாடாவைப் போட்டுக் கொடுக்க மற்றொருவரும் அமர வேண்டும். பல வீடுகளில் அவர் மனைவியாகவோ பிள்ளையாகவோ இருப்பார்.

எனவே கூடம் இருவர் அமரும் அகலத்தையும், பாவு நீண்டு செல்லும் நீளத்தையும், முற்றத்து ஒளி படும் திசையையும் ஒருங்கே பெற்றிருக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் நிறம் மங்கும், கண்ணும் கூசும். தாழ்வாரத்தின் சாய்ப்பு வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிறது. இன்றைய கட்டடக் கலைஞர்கள் கணினியில் கணக்கிட்டு அடையும் சீரான ஒளியை அந்தத் தாழ்வாரம் அன்றே தந்தது.

தறி பெரும்பாலும் குழித்தறி. நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை இயக்குவார். தரைக்கு அருகில் காற்றில் ஈரம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் இழை எளிதில் அறுவதில்லை என்று நெசவாளர்கள் கூறுவர். தரையே இருக்கையாவதால் தனியாக மேடையோ உயரமான சட்டமோ தேவைப்படவில்லை. தறி என்பது வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த பொருளன்று. அது வீட்டின் தரையில் தோண்டப்பட்டு, வீட்டின் உத்தரத்தில் கட்டப்பட்டு, வீட்டோடு ஒன்றியிருந்தது.

சுண்ணாம்பும் மரமும் ஓடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்களில் சிமெண்டு கிடையாது. நம் நாட்டில் அதன் உற்பத்தி 20ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. அன்று செங்கல்லைப் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பை நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து பதப்படுத்துவது தமிழகத்துக் கொத்தனார்களின் வழக்கம். இச்சாந்து மெதுவாக இறுகும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறும். ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காமல் ஆவியாக விட்டுவிடும். சுவர் தடித்திருப்பதால் பகல் வெப்பம் உட்புறம் வந்து சேர மாலை ஆகிவிடும்.

கூரைக்கு இரண்டு முறைகள் இருந்தன. முதலாவது நாட்டோடு. பனை அல்லது தேக்குக் கைமரங்களின் மேல் குழியும் கவிழ்ப்புமாக அடுக்கப்பட்ட சிறிய வளைந்த ஓடுகள். ஓடுகளுக்கு இடையே இருக்கும் நுண்ணிய இடைவெளிகளின் வழியே சூடான காற்று வெளியேறும். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய தட்டையான ஓடுகள், காலப்போக்கில் நாட்டோட்டின் இடத்தைப் பல வீடுகளில் பிடித்துக்கொண்டன.

இரண்டாவது, மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் அழைக்கும் ஒட்டுத்தளம். நெருக்கமாகப் பரப்பிய தேக்கு உத்தரங்களின் மேல், சிறிய மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாகவும் மூலைவாட்டிலும் நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டிப் பல நாள் தட்டித் திண்மைப்படுத்துவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாமல் நிற்கும் இத்தளத்தின் கீழ் கோடையிலும் அமர முடிவதன் காரணம், அதன் தடிமனும் கூரையின் உயரமும் ஆகும்.

இவ்வகை வீட்டை நேரில் காண விரும்பும் வாசகர்கள் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குச் செல்லலாம். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்தும் இக்காட்சியகம் 1996இல் திறக்கப்பட்டது. தென்னிந்திய மரபு வீடுகளின் வரிசையில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் அங்கே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் காட்சியகத்து வீட்டில் எவரும் இருமுவதில்லை, எவரும் முதுமையடைவதில்லை. வாழும் வீட்டுக்கு வேறு கவலைகள் உண்டு.

முற்றம் மூடப்பட்ட கதை

குடும்பம் பெருகும், வீடு பெருகாது. அண்ணன் தம்பிகளுக்கு இடையே பாகம் பிரியும்போது வீட்டின் நீளவாக்கில் ஒரு சுவர் எழும். ஏற்கெனவே குறுகலான வீடு இரண்டாகும். முற்றத்தின் நடுவிலும் அச்சுவர் செல்லும். பாதியாகிப் போன முற்றம் மழையில் சாரல் அடிக்கும் இடமாகவும், கொசு வரும் வழியாகவும், திருடன் இறங்கும் துளையாகவும் தோன்றத் தொடங்கும். முதலில் இரும்புக் கம்பி வலை. பிறகு தகரம் அல்லது நெகிழித் தகடு. இறுதியில் கான்கிரீட் தளம். மூடிய முற்றம் ஓர் அறையாகிவிடும். இன்னொரு தறியோ ஒரு கட்டிலோ அங்கே வரும்.

இம்முடிவை எடுத்தவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. நெசவுக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஓர் அறை கூடுதலாகக் கிடைப்பது சிறிய செய்தியன்று. ஆனால் அதற்குக் கொடுத்த விலை கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கச் சுவர்களில் சன்னல் இல்லாத வீட்டில், மேற்புற வழியையும் அடைத்த பின் நடுப்பகுதி முழுவதும் பகலிலேயே விளக்கெரியும் இருட்டாகிறது. சமையற்கட்டின் புகையும் தாளிப்பு நெடியும் வெளியேற வழியின்றிக் கூடத்துக்குத் திரும்புகின்றன. சுவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை படர்கிறது. ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் மீண்டும் இழுக்கும் நிலை உண்டாகிறது.

காற்றைப் பற்றி மருத்துவம் அறிந்தவை

காசநோய்க் கிருமியை இராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தது 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள். அதற்கு முன்பே, நோயாளி சுவாசிக்கும் காற்று வெளிக்காற்றைப் போலத் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதைச் செவிலியத்தின் முதல் விதியாக ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் வலியுறுத்தியிருந்தார். மருந்து இல்லாத அக்காலத்தில் வெயிலும் காற்றும் உள்ள இடங்களில் சானடோரியங்கள் எழுந்தன. நமக்கு அருகிலுள்ள தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய சானடோரியம் அவ்வகையைச் சேர்ந்தது.

1950களில் மருந்துகள் வந்துவிட்டன. அப்போது ஒரு பெரிய ஐயம் எழுந்தது: ஏழை நோயாளியை நெரிசல் மிகுந்த அவரது வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? இதற்கு விடை கண்ட ஆய்வு, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில் நடைபெற்றது. சேத்துப்பட்டில் இயங்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சியே. ஒரே மருந்துகளை ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினர் தத்தம் வீட்டிலும் பெற்றனர். வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் இடவசதியும் குறைவாகவே இருந்தன. ஆயினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்பது 1959இல் வெளியான முடிவு. வீட்டில் வைத்துச் சிகிச்சையளித்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய இந்த ஆய்வு நம் ஊர்களின் சாதாரண வீடுகளில் நிகழ்ந்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, நோயைக் குணப்படுத்துவது மருந்து; காற்று அதற்கு மாற்றாகாது. இரண்டாவது, முறையாக மருந்து உண்ணும் நோயாளியைக் கண்டு வீட்டார் அஞ்ச வேண்டியதில்லை. ஆபத்து மிகுந்த காலம் நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய வாரங்களும் மாதங்களுமே. "சாதாரண இருமல்தான்" என்று எல்லோரும் எண்ணியிருக்கும் அந்த நாட்களில் வீட்டாரைக் காப்பது மருந்தன்று, ஏனெனில் மருந்து இன்னும் தொடங்கவில்லை. அப்போது காப்பது காற்றோட்டம் ஒன்றே.

காற்றோட்டத்தின் அளவை எண்ணிக்கையில் காட்டிய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் எட்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த 70 அறைகளில் அளவெடுத்தார்கள். சன்னலையும் கதவையும் திறந்து வைத்தபோது அறையின் காற்று ஒரு மணி நேரத்தில் 28 முறை மாறும் அளவுக்கு வெளிக்காற்று வந்தது. இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய தனி அறைகளுக்குரிய அளவு 12 முறை மட்டுமே. வியப்புக்குரிய செய்தி வேறொன்று: உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட, 1950க்கு முன் கட்டப்பட்ட பழைய அறைகளில் 40 முறை, புதிய பாணி அறைகளில் 17 முறை. பழைய கட்டடங்களைக் கட்டியவர்கள் அறிந்திருந்த ஒன்றை நாம் இடையில் மறந்துவிட்டோம் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. உலக சுகாதார நிறுவனமும் மருத்துவமனைகளுக்கான இயற்கைக் காற்றோட்டம் குறித்து 2009இல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது.

பழைய வீட்டின் குறைகள்

பழையன எல்லாம் நல்லவை என்று கூறுவது உண்மைக்குப் புறம்பாகும். விறகடுப்பு எரிந்த சமையற்கட்டில் வாழ்நாளைக் கழித்த பெண்கள், ஒரு சுருட்டையும் தொடாமலேயே நாட்பட்ட மூச்சடைப்பு நோயோடு எங்களிடம் வருகிறார்கள். முற்றத்தின் காற்று எட்டாத உள்ளறைகள் அந்நாளிலும் இருட்டாகவே இருந்தன. நோயுற்றவர்களையும் பிள்ளை பெற்றவர்களையும் அங்கேதான் வைத்தார்கள். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறும்; வேலையும் நிற்கும், ஈரமும் தங்கும். குழியில் கால் தொங்கவிட்டு, முதுகை வளைத்துப் பல மணி நேரம் அமர்வதால் இடுப்பு வலியும் மூட்டு வலியும் நெசவாளர்களோடு சேர்ந்தே முதுமையடைகின்றன.

மூத்தோருக்கு வேறு இடர்களும் உண்டு. உயர்ந்த வாசற்படி, நிலைக்கதவின் தடுக்கும் கட்டை, கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடைப்பட்ட பள்ளம், கொல்லையின் கோடியில் கழிப்பறை என்று ஒவ்வோரிடமும் தடுமாறி விழும் இடமாகலாம். பக்கவாதத்துக்குப் பின்னோ இடுப்பெலும்பு முறிவுக்குப் பின்னோ வீடு திரும்புவோர் இவற்றையெல்லாம் இரவில் கடக்க வேண்டியிருக்கிறது.

எனினும் திண்ணையைப் பற்றி ஒரு சொல். நாட்பட்ட நோய் மனிதரைத் தெருவிலிருந்து பிரித்துவிடும். படி ஏறி இறங்க முடியாத ஒருவர், வாசலைத் தாண்டாமலே ஊரோடு இருக்க இடம் தருவது திண்ணை. போவோர் வருவோரிடம் பேசவும், பாவு விரிப்பதைப் பார்த்து இழை கோணியதைச் சுட்டவும் அங்கே முடியும். வாகனம் நிறுத்துவதற்காகத் திண்ணையை இடிக்குமுன், அதில் அமர்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நன்று.

வீட்டில் நோயாளி இருக்கும்போது

முழு வீட்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவர எல்லோராலும் இயலாது. சிறிய மாற்றங்களே பெரும்பயன் தரும்.

முற்றத்தை மூடியே ஆக வேண்டுமானால், மூடியைச் சுற்றுச்சுவரின் மேல் நேராகப் பதிக்காமல், ஓர் அடியோ இரண்டு அடியோ உயர்த்தி, நான்கு பக்கமும் கம்பி வலை அடித்து விடுங்கள். மழை வராது, கொசுவும் வராது, சூடான காற்று வெளியேறும். ஏற்கெனவே கான்கிரீட் போட்டுவிட்டவர்கள், தளத்தில் ஒரு திறப்பு வைத்து அதன்மேல் சிறிய உயர்ந்த கூரை அமைக்க இயலுமா என்று பொறியாளரைக் கேளுங்கள்.

இருமல் உள்ளவரை உள்ளறையில் ஒதுக்கி வைக்க வேண்டாம். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரமோ, சன்னலுக்கு அருகிலுள்ள இடமோ அவருக்கும் நல்லது, வீட்டாருக்கும் நல்லது. முன்கதவையும் பின்கதவையும் பகலில் சில மணி நேரமாவது ஒருசேரத் திறந்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் என்று தெரிந்தால் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. உடன் வாழ்வோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதால் பயனில்லை. இந்நோய் காற்றின் வழியே பரவுவது, பாத்திரத்தின் வழியே அன்று.

வீட்டில் ஆக்சிஜன் கருவி பயன்படுத்துவோர், அதை அடுப்பிலிருந்தும் பூசை விளக்கிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும். கருவியைச் சுற்றிக் காற்று உலவ இடம் வேண்டும். அதை மூலையில் திரைச்சீலைக்குப் பின்னால் மறைத்து வைப்பது தவறு.

பயன்பாட்டில் இல்லாத தறிக்குழியைப் பலகையால் மூடுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு ஒன்று எரியட்டும். வாசற்படியிலும் முற்றத்துப் பள்ளத்திலும் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஈரம் தெரிந்தால் உடனே சிமெண்டு பூசிவிடாதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபடும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைக் கேளுங்கள். சுண்ணாம்பு அடிக்கும் நாளில் மூச்சுத் தொல்லை உள்ளவர் வேறிடத்தில் இருக்கட்டும்.

மத்திய அரசு 2015இல் தொடங்கிய ஹிருதய் என்னும் மரபு நகரத் திட்டத்தில், நாடு முழுவதிலுமிருந்து எடுக்கப்பட்ட 12 நகரங்களுள் காஞ்சிபுரமும் ஒன்று. கோயில்களும் குளங்களும் பேணப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. நெசவாளர் வீட்டின் முற்றமும் அவ்வாறே பேணத்தக்கது. ஆனால் அதைப் பேணும் பொறுப்பும் செலவும் அதில் வாழும் குடும்பத்தின் தோளில்தான் இருக்கின்றன. அடுத்த முறை கொத்தனார் அளவெடுக்க வரும்போது, எத்தனை அறைகள் கிடைக்கும் என்று கேட்பதோடு, நடுக்கூடத்துக் காற்று எந்த வழியாக வெளியே போகும் என்றும் அவரிடம் கேளுங்கள். அதற்கு அவர் தெளிவாக விடை கூறிய பின் வேலையைத் தொடங்கலாம்.